ஒரே அலைவரிசையில் ஊரே பேசலாம்: 3ஜி எப்படி இயங்கியது?

2001 அக்டோபர் 1 அன்று ஜப்பானின் என்டிடி டோகோமோ நிறுவனம், டோக்கியோவின் மையப் பகுதியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் எல்லைக்குள், ஃபோமா என்ற கைப்பேசிச் சேவையைத் தொடங்கியது. மூன்றாம் தலைமுறை (3ஜி) கைப்பேசித் தொழில்நுட்பங்களில் ஒன்றான டபிள்யூசிடிஎம்ஏயில், பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் வலையமைப்பு அதுதான். மே மாதக் கடைசியில் வந்திருக்க வேண்டியது. சோதனைக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டதால் நான்கு மாதம் தள்ளிப்போனது. விளம்பரங்களில் முகம் பார்த்துப் பேசும் வசதியே முன்னால் நின்றது. உள்ளே நடந்திருந்த மாற்றம் அதைவிடப் பெரியது. அந்த வலையமைப்பில் எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசின. அப்படியும் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழவில்லை. இது எப்படிச் சாத்தியமானது என்று தெரிந்துகொண்டால், மாலை நேரத்தில் 3ஜி வேகம் ஏன் படுத்துவிடும், இரவில் நன்றாக எடுத்த சிக்னல் பகலில் ஏன் அதே இடத்தில் எடுக்காது என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் அதற்கு முந்தைய ஏற்பாட்டைப் பார்ப்போம். 2ஜி ஜிஎஸ்எம் முறையில் அலைக்கற்றையை 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டையும் எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். ஒருவர் ஒரு வினாடியின் மிகச் சிறு பகுதியில் பேசிவிட்டு ஒதுங்க, அடுத்தவர் வருவார். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் ஒரு டவர் பயன்படுத்தும் துண்டைப் பக்கத்து டவர் தொடக்கூடாது, தொட்டால் இரண்டும் மோதும். அதனால் கையிலிருக்கும் துண்டுகளைப் பல டவர்களுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு டவருக்கும் மிஞ்சியது கொஞ்சம்தான். பேச்சுக்கு அது போதும். தரவுக்குப் போதவே போதாது; தொடக்க கால ஜிஎஸ்எம்மில் தரவு வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட்.

அலைக்கற்றையைப் பிரிக்கவே வேண்டாம், எல்லோருக்கும் முழுசாகக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை ராணுவத் தகவல் தொடர்பில் முன்பே இருந்தது. எதிரி குறுக்கிட்டுக் கெடுக்க முடியாதபடி சிக்னலைப் பரந்த அலைக்கற்றையில் பரப்பி அனுப்பும் முறை அது. அதைப் பொதுமக்களின் கைப்பேசிக்குக் கொண்டுவரப் பிடிவாதமாக நின்றவர்கள் 1985இல் குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கிய இர்வின் ஜேகப்ஸ், ஆண்ட்ரூ விட்டர்பி முதலானோர். 1989இல் அமெரிக்கக் கைப்பேசித் துறை முறைவைப்பு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சான் டியாகோ தெருக்களில் ஒரு வண்டியை ஓட்டிக்காட்டித் தங்கள் முறை வேலை செய்கிறது என்று நிரூபித்தார்கள். இயற்பியல் விதிகளுக்கே இது ஒத்துவராது என்று வாதிட்டவர்களும் உண்டு. 1995இல் ஹாங்காங்கிலும் 1996இல் தென்கொரியாவிலும் சேவை தொடங்கிய பிறகு அந்த வாதம் ஓய்ந்தது.

இதன் கணக்கு எளிது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

கண்ணனுக்கு +1, −1, +1, −1 என்ற வரிசையைக் கொடுப்போம். மாலாவுக்கு +1, +1, −1, −1. கண்ணன் '1' என்ற செய்தியை அனுப்ப நினைத்தால் தன் வரிசையை அப்படியே அனுப்புவார். '0' என்றால் எல்லாக் குறிகளையும் திருப்பிப்போட்டு அனுப்புவார். இப்போது கண்ணன் '1' அனுப்புகிறார், அதே கணத்தில் மாலா '0' அனுப்புகிறார். மாலாவிடமிருந்து போவது −1, −1, +1, +1. காற்றில் இரண்டும் கூடி 0, −2, +2, 0 ஆகிவிடுகிறது. பார்த்தால் யாருடையது எது என்று சொல்லவே முடியாத கலவை. இந்தக் கலவையைக் கண்ணனின் வரிசையோடு எண்ணுக்கு எண் பெருக்கிக் கூட்டுங்கள்: 0 + 2 + 2 + 0 = 4. நான்கால் வகுத்தால் +1. கண்ணன் அனுப்பியது '1'. அதே கலவையை மாலாவின் வரிசையோடு பெருக்கிக் கூட்டினால் −4 வரும். மாலா அனுப்பியது '0'. பேசாமல் சும்மா இருக்கும் மூன்றாமவரின் வரிசை +1, −1, −1, +1 என்றால், அவருக்குக் கிடைப்பது 0 + 2 − 2 + 0, அதாவது பூச்சியம். அவரைப் பொறுத்தவரை அங்கே யாருமே பேசவில்லை.

டபிள்யூசிடிஎம்ஏ முழுக்க இந்தப் பெருக்கல் கூட்டலின் மேல் நிற்கிறது. வரிசையில் உள்ள ஒவ்வொரு குறியையும் சிப் என்பார்கள். 5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றையில் வினாடிக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் சிப்கள் போகும். ஒரு குரல் அழைப்புக்குத் தேவை வினாடிக்கு 12.2 கிலோபிட்தான். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 315 சிப் என்று ஆகிறது. பெறும் கருவி அந்த 315ஐயும் சேர்த்துக் கூட்டும்போது நம் சிக்னல் சேர்ந்து வளர்கிறது, மற்றவர்களுடையது கூட்டலிலும் கழித்தலிலுமாகக் கரைகிறது. காற்றில் ஒரு குரல் சிக்னல் சுற்றியுள்ள இரைச்சலைவிட நூறு மடங்கு மெலிந்திருந்தாலும் அதை மீட்டெடுக்க முடிவது இதனால்தான்.

எல்லோருக்கும் 315 சிப் தேவையில்லை. வேகமாகத் தரவு வேண்டுபவருக்குக் குறுகிய வரிசை கொடுக்கலாம். ஆனால் நீள வரிசைகளும் குறுகிய வரிசைகளும் ஒரே காற்றில் கலக்கும்போது, மேலே பார்த்த பூச்சியக் கணக்கு கெடக்கூடாது. இதற்கு 1997இல் டோகோமோவின் ஆய்வாளர்கள் அடாச்சி, சவஹாஷி, ஓகாவா மூவரும் ஒரு மர அமைப்பை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு மட்டத்திலும் வரிசையின் நீளம் இரட்டிப்பாகும். ஒரு கிளையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அதிலிருந்து முளைக்கும் எதையும் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஒரு பிட்டின் 315 சிப்களும் ஒரே வரிசையாகப் போவதில்லை, பிழை திருத்தத்துக்காகப் பல துண்டுகளாகப் போகும்; அதனால் டவரிலிருந்து வரும் குரலுக்கு 128 சிப் நீளக் கிளை போதும். வினாடிக்கு 384 கிலோபிட் வேண்டுபவருக்கு 8 சிப் நீளக் கிளை, அதாவது மரத்தில் எட்டில் ஒரு பங்கு தேவை. டவரின் பொதுத் தேவைகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டால், அந்த வேகத்தை ஒரே சமயத்தில் ஏழு பேருக்குத்தான் தர முடியும். எட்டாவது ஆளுக்குக் கிளை இல்லை. அட்டையில் அச்சிட்ட வேகத்துக்கும் கையில் கிடைத்த வேகத்துக்கும் இருந்த தூரத்தில் பாதி இந்த மரத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னது டவரிலிருந்து கைப்பேசிக்கு வரும் பாதை. அங்கே எல்லா வரிசைகளும் ஒரே இடத்திலிருந்து, தாளம் தப்பாமல் புறப்படுகின்றன. கைப்பேசியிலிருந்து டவருக்குப் போகும் பாதைதான் உண்மையான தலைவலி. ஒவ்வொரு கைப்பேசியும் வேறு வேறு தூரத்திலிருந்து அனுப்புவதால் சிப்கள் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு மிச்சம் நிற்கும். அதோடு, நகரத்தில் தூரம் பத்து மடங்கானால் சிக்னல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெலிகிறது. டவருக்கு 100 மீட்டரில் நிற்பவரும் ஒரு கிலோமீட்டரில் நிற்பவரும் ஒரே வலுவில் அனுப்பினால், கல்யாண மண்டபத்தில் தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கடைசி வரிசையில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போலத்தான். 315 மடங்கு ஆதாயம் அங்கே எந்த மூலைக்கு? கிட்டே இருக்கும் ஒரே ஒரு கைப்பேசி அந்த டவரில் உள்ள அத்தனை பேரையும் மூழ்கடித்துவிடும்.

என்னைக் கேட்டால், 3ஜியின் மிகப் பெரிய பொறியியல் சாதனை இதற்குக் கண்ட தீர்வுதான். டவர் ஒவ்வொரு கைப்பேசியின் சிக்னலையும் ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். வினாடிக்கு 1,500 முறை, 'ஏற்று' அல்லது 'இறக்கு' என்று ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக ஆணை போகும். கிட்டே இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே சேவைக்கான சிக்னல்கள் டவரை வந்தடையும்போது ஒரே வலுவில் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கைப்பேசி தன் வலுவைக் கால் வாட்டிலிருந்து ஒரு வாட்டின் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

வினாடிக்கு 1,500 முறை எதற்கு? தூரம் அவ்வளவு வேகமாக மாறுவதில்லையே? காரணம் எதிரொலிகள். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று சில இடங்களில் வலுப்படுத்தும், சில இடங்களில் அழிக்கும். 3ஜி அலையின் நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். அதில் பாதி தூரம் நகர்ந்தாலே சிக்னல் மேட்டிலிருந்து பள்ளத்தில் விழலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் பேருந்தில் போகிறவர் வினாடிக்கு 180க்கும் மேற்பட்ட பள்ளங்களைக் கடக்கிறார். அவற்றோடு ஓடிப்பிடிக்கத்தான் இந்த வேகம்.

எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால், ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு இரைச்சல். பேசுபவர் கூடக் கூட இரைச்சல் ஏறும். அதை மீறிக் கேட்கவைக்க எல்லாக் கைப்பேசிகளும் வலுவைக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே முழு வலுவில் கத்திக்கொண்டிருக்கும் விளிம்புக் கைப்பேசிக்குக் கூட்ட எதுவும் மிச்சமில்லை; அது வெளியே விழுகிறது. ஆக, டவரின் எல்லை கூட்டத்தைப் பொறுத்துச் சுருங்கும், ஆள் குறைந்தால் விரியும். ஒரு டவரின் எல்லைப் பரப்பைச் செல் என்பார்கள்; பொறியாளர்கள் இதைச் செல் மூச்சுவிடுகிறது என்றே சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் எடுத்த 3ஜி சிக்னல் மாலை ஏழு மணிக்கு எடுக்காமல் போனது இதனால்தான்.

எதிரொலிகள் தொல்லை மட்டும் இல்லை, லாபமும் தந்தன. ஒரு சிப் நீடிக்கும் நேரத்தில் ரேடியோ அலை சுமார் 78 மீட்டர் ஓடும். இரண்டு பாதைகளின் நீளம் அதைவிட அதிகமாக வேறுபட்டால், பெறும் கருவி அவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டு, நேரத்தைச் சரிசெய்து, ஒன்றாகக் கூட்டிவிடும். இதற்கான கருவியை அமெரிக்காவில் பிரைஸ், கிரீன் இருவரும் 1950களிலேயே உருவாக்கியிருந்தார்கள். வேறு டவரிலிருந்து வரும் சிக்னலையும் இன்னொரு எதிரொலி போலவே இக்கருவி சேர்த்துக்கொள்ளும். அதனால் 3ஜி கைப்பேசி ஒரு டவரை விடும் முன்பே அடுத்ததைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று டவர்களோடு ஒரே சமயத்தில் பேசும்.

தொழில்நுட்பம் இப்படியிருக்க, அதை உலகத் தரமாக்குவது பெரும் சண்டையாக இருந்தது. 1998 ஜனவரியில் ஐரோப்பா டபிள்யூசிடிஎம்ஏயைத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானும் அதே பக்கம். குவால்காம் தன் பழைய முறையின் வாரிசான சிடிஎம்ஏ2000ஐ விடவில்லை. காப்புரிமைத் தகராறு 1999 மார்ச்சில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனமும் குவால்காமும் சமரசம் செய்துகொண்ட பிறகே தணிந்தது. சிப் வேகம் முதலில் வினாடிக்கு 40.96 லட்சமாக இருந்தது, 38.4 லட்சமாக இறங்கியது அந்தச் சமரச முயற்சிகளின் ஒரு பகுதி. ஒரே உலகத் தரம் என்ற கனவு கைகூடவில்லை, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல தரங்கள்தான் கிடைத்தன.

பிறகு ஏலங்கள். 2000 ஏப்ரலில் பிரிட்டன் ஐந்து உரிமங்களைச் சுமார் 2,250 கோடி பவுண்டுக்கு விற்றது. ஜெர்மனி அதே ஆண்டு ஆகஸ்டில் 5,000 கோடி யூரோவைத் தொட்டது. நம் பக்கம் 2006 ஆகஸ்டில் இலங்கையில் டயலாக் தொடங்கியதுதான் தெற்காசியாவின் முதல் 3ஜி சேவை. இந்தியாவில் அரசு நிறுவனங்கள்தான் முதலில் தொடங்கின: 2008 டிசம்பரில் டெல்லியில் எம்டிஎன்எல், 2009 பிப்ரவரியில் சென்னையில் பிஎஸ்என்எல். தனியார் நிறுவனங்களுக்கான ஏலம் 2010இல் 34 நாள், 183 சுற்று நடந்தது; அந்த இரண்டு அரசு நிறுவனங்கள் கட்ட வேண்டிய தொகையையும் சேர்த்து மொத்தம் 67,719 கோடி ரூபாய். அவ்வளவு கொடுத்து ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தில் ஒரு நிறுவனம் பெற்றது போவதற்கு 5, வருவதற்கு 5 மெகாஹெர்ட்ஸ். சரியாக ஒரே ஒரு டபிள்யூசிடிஎம்ஏ அலைவரிசை. ஒரு டவரின் ஒரு பக்கத்தில் இருந்த அத்தனை வாடிக்கையாளர்களும் அந்த ஒரே மரத்தின் கிளைகளைப் பங்கிட வேண்டியிருந்தது. இந்திய 3ஜியைக் குறை சொல்லும்போது இந்தக் கணக்கைச் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

3ஜியைக் காப்பாற்றியது 2002இல் தரமாக்கப்பட்ட ஹெச்எஸ்டிபிஏ என்ற மேம்பாடு. நலிந்த சிக்னல்காரருக்கு வலுவைக் கூட்டிக் கொடுப்பது பழைய முறை. பேச்சுக்கு அது அவசியம், இடைவெளி விழக்கூடாது. இணையப் பக்கம் அரை வினாடி தாமதித்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அப்படியானால் சிக்னல் மேட்டில் இருப்பவருக்கு இப்போதே அள்ளிக் கொடுத்துவிட்டு, பள்ளத்தில் இருப்பவர் மேலே வரும்வரை காத்திருக்கலாமே! டவர் ஒவ்வொரு 2 மில்லிவினாடிக்கும் யாருடைய சிக்னல் அவரவர் சராசரியைவிட நன்றாக இருக்கிறது என்று பார்த்து, அவருக்கு வாரி வழங்கும். முன்பு எந்த ஏற்ற இறக்கத்தோடு வினாடிக்கு 1,500 முறை போராடினார்களோ, அதையே இப்போது சாதகமாக்கிக்கொண்டார்கள். குவால்காமின் இவி-டிஓ முறை இதே வழியில் சென்று 2002 ஜனவரியிலேயே தென்கொரியாவில் சேவைக்கு வந்திருந்தது. ஹெச்எஸ்டிபிஏயின் உச்ச வேகம் ஏட்டளவில் வினாடிக்கு 14.4 மெகாபிட். ஸ்மார்ட்போன்களின் முதல் அலையைச் சுமந்தது பெரும்பாலும் இதுவும் இதன் வாரிசுகளும்தான்.

அதற்கு மேல் போக அலைக்கற்றையை அகலமாக்க வேண்டும், அங்கேதான் சிடிஎம்ஏ எனப்படும் இந்தக் குறிவரிசை முறை முட்டிக்கொண்டது. 20 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் சிப்பின் நேரம் இன்னும் குறுகும். எதிரொலிகள் எண்ணற்ற சிறு துண்டுகளாகப் பிரிந்து வரும், அத்தனையையும் பொறுக்கிச் சேர்க்கும் கருவி கைக்கு அடங்காது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் வந்த 4ஜி நேர்மாறான வழியை எடுத்தது: தரவை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிதானமாக அனுப்புவது. 3ஜி சிப் நீடித்தது கால் மைக்ரோவினாடி. இங்கே ஒரு குறி 67 மைக்ரோவினாடி. எதிரொலி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

ஃபோமாவை 2026 மார்ச் 31உடன் நிறுத்துவதாக டோகோமோ அறிவித்தது. பெருக்கிக் கூட்டும் அந்தக் குறிவரிசை முறையைப் பிறகு வந்த தலைமுறைகள் கைவிட்டாலும், ஹெச்எஸ்டிபிஏயில் பழகிய வேலைகளை அவை விடவில்லை. பிழையோடு வந்த துண்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, மறுபடி அனுப்பியதோடு சேர்த்துக் கூட்டி இரண்டிலிருந்தும் சரியானதை மீட்கும் முறை அவற்றில் ஒன்று. 4ஜியிலும் 5ஜியிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.