மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்டால் யாரிடம் போவது?

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுக் காத்திருக்கும் விவசாயியிடம், 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு லஞ்சம் என்று நிலைய ஊழியர் கேட்டால் மழைக்குப் பயந்து கொடுத்துவிடுகிறார். பிறகு மேலதிகாரிக்கு மனு எழுதுகிறார். அதனால் இடமாற்றமோ பணியிடை நீக்கமோ வரலாம்; குற்ற வழக்கு தானாக வராது. வழக்குப் பதிவது 1964இல் அமைந்த ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. நிலைய ஊழியரின் துறைக்கு அது கட்டுப்பட்டதில்லை. அதன் பலமே அதுதான்.

பணம் கொடுக்கும் முன்பே அங்கே போங்கள். நோட்டு எண்களைக் குறித்து, பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். கரைசல் சிவந்தால் மட்டும் போதாது. கேட்டது, வாங்கியது இரண்டும் நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் உறுதிசெய்தது. பேசாமல் நோட்டை நீட்டினால் வழக்கு இங்கேதான் இடறும். "எவ்வளவு சார்?" என்று கேளுங்கள், அவர் சொல்லும் தொகை உடன் வரும் சாட்சியின் காதில் விழ வேண்டும்.

வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. இந்தக் கெடு தெரியாமல் விவசாயிகள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

தனியார் நிறுவனத்திலோ முறைகேட்டைக் கண்காணிப்பவரே உள்ளே சம்பளம் வாங்குபவர். கும்பகோணத்தைத் தலைமையகமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி போன்ற பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களுக்கும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குபவற்றுக்கும், வங்கிக் கடன் 50 கோடி ரூபாயைத் தாண்டியவற்றுக்கும், முறைகேட்டை ஊழியர் புகார் செய்யும் ஏற்பாடு கட்டாயம் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். தேவையானபோது, கணக்குகளை மேற்பார்க்கும் இயக்குநர்களின் குழுவான தணிக்கைக் குழுவின் தலைவரையே ஊழியர் அணுகலாம். குழு இல்லாத நிறுவனத்தில் அந்தப் பொறுப்பை ஒரு இயக்குநர் ஏற்பார். குடும்ப ஆலைகளில் அவர் முதலாளியின் தம்பியாகவோ மச்சானாகவோ இருந்துவிட்டால் எந்த ஊழியர் வாய் திறப்பார்? உறவில்லாத ஒருவரைப் போடுங்கள். கடன் 50 கோடிக்குள் இருந்தாலும் போடுங்கள்.

காரணம் இருக்கிறது. ஆலையின் ஏஜென்ட் ஆலைக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனத்தின் மேலும் வழக்கு வரும். தடுக்கப் போதிய நடைமுறை வைத்திருந்தோம் என்று காட்டுவதுதான் தற்காப்பு. இயக்குநர் உடந்தை என்றால் அவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை.

விவசாயியானாலும் நிறுவன ஊழியரானாலும் தேதி, இடம், மூட்டை எண்ணிக்கை, கேட்டவரின் பதவி ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். பேச்சைப் பதிவு செய்திருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை நம்பி அசலை அழிக்காதீர்கள். நகலுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். பதிவான செல்போனையே பத்திரமாக வையுங்கள்.