வெளிக்கோள் அன்று, பிறமீன்கோள்

சென்ற வாரம் வெள்ளவத்தை வீட்டில் பத்திரிகையை மடியில் விரித்துவைத்திருந்த தம்பியின் மகள், "பெரியப்பா, வியாழன் வெளிக்கோள்தானே? பிறகேன் 1995இல வெளிக்கோள் கண்டுபிடிச்சதெண்டு போட்டிருக்கு?" என்று கேட்டாள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளையைக் குழப்பியது அறிவியல் அன்று, மொழிபெயர்ப்பு.

சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை ஆங்கிலத்தில் எக்சோபிளானட் என்பர்; பத்திரிகை வெளிக்கோள் என்றது அதைத்தான். அச்சொல்லில் 'எக்சோ' என்ற கிரேக்க முன்னொட்டு வெளியே என்றும், பிற்பகுதி அலைவது என்றும் பொருள்படும். நம்முடைய கோளோ 'கொள்' என்னும் வினையிற் பிறந்தது. பட்டினப்பாலையிலேயே விண்மீன் நாள்மீன் என்றும், கோள் கோள்மீன் என்றும் பிரித்துச் சொல்லப்பட்டுள்ளன. இவ்வளவு போதும்.

சிக்கல் அந்த 'வெளியே'யில் இருக்கிறது. வியாழன் முதல் நெப்டியூன் வரையான நான்கையும் நாம் நெடுங்காலமாக வெளிக்கோள்கள் என்றே சொல்லி வருகிறோம். வானியலாளர்கள் மிசேல் மேயரும் டிடியே கெலோவும் 1995இல் அறிவித்த 51 பெகாசி பி, சூரியனை ஒத்த வேறொரு விண்மீனை ஏறத்தாழ 4.2 நாட்களில், மிக நெருங்கிச் சுற்றிவரும் பெருங்கோள். வியாழனைப் போன்ற பெருங்கோள்கள், இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுவும் தூசும் கலந்த வட்டில், நீர் பனியாய் உறையும் எல்லைக்கு அப்பால் உருவாகிப் பின்னர் உள்நோக்கி நகர்ந்திருக்கலாம் என்பது அந்த நெருக்கத்துக்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. இதைப் பத்திரிகை, "வெளிக்கோள்கள் வெளியே தோன்றி உள்ளே வந்தன" என்று எழுதியிருந்தது. எந்த வெளி, எதற்கு உள்? 2019இல் இலங்கைக்குப் பெயரிடக் கிடைத்த எச்டி 205739 என்ற விண்மீனுக்குச் 'சாமய' என்றும் அதன் கோளுக்குச் 'சமகிய' என்றும் சிங்களப் பெயர்கள் சூட்டப்பட்டன. அக்கோளையும் வெளிக்கோள் என்றால் நெப்டியூனுக்குப் பக்கத்து வீட்டில் குடியேற்றிவிடுகிறோம்.

புறக்கோள் என்பார் பலர். எனக்கு அது உவப்பில்லை. கொழும்பின் புறநகர் என்றால் தெகிவளையை நினைப்போமேயன்றி வேறொரு நாட்டின் நகரத்தை நினைப்பதில்லை. அயற்கோள் செவிக்கு இனியதுதான். ஆனால் அயல் என்பது இலங்கைத் தமிழருக்கு அடுத்த வளவு. அயற்கோள் என்றால் செவ்வாயும் வெள்ளியுமே நினைவுக்கு வரும். வேற்றுக்கிரகம் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் ஏற்கெனவே பச்சைத்தோல் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் முன்னொட்டை அகராதியில் தேடுகிறார்களே தவிர, அக்கோள் எதைச் சுற்றுகிறது என்று ஒருகணம் யோசிப்பதில்லை.

ஆகையால் பிறமீன்கோள் என்கிறேன். பிறவிண்மீன்கோள் இன்னும் தெளிவாயிருக்கும்தான், ஆனால் அச்சில் வரி உடையும்போது 'பிறவி' தனியே நின்று பயமுறுத்தும். மீன் என்றதும் பேலியகொடைச் சந்தை நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நாள்மீனையும் விடிவெள்ளியையும் பார்த்த மொழிக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. மீற்கோள் என்று புணர வேண்டாமா எனக் கேட்போருக்கு, மீன் என்னும் சொல் வல்லெழுத்தின் முன் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்று தொல்காப்பியமே இடங்கொடுத்திருக்கிறது.

தம்பியின் மகளுக்கு அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் காட்டினேன்: "பெரிய பிறமீன்கோள்கள் சில, தம் விண்மீனுக்குத் தொலைவில் உருவாகி, அதனை நோக்கி நகர்ந்திருக்கலாம்." வியாழனைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை.