விதையில்லா எலுமிச்சையில் விதையா? பூத்த மாதத்தைக் கேளுங்கள்

ஆவணியில் குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டு எலுமிச்சையை என் மேசைமேல் கொட்டினார். "விதையே இருக்காதுன்னு சொல்லித்தான் சார் கன்னு குடுத்தாங்க. இன்னா இது?" நர்சரிமேல் கேஸ் போடும் வேகத்தில் இருந்தார்.

எல்லாவற்றையும் அறுத்தோம். ஐந்தில் ஒன்றுமில்லை. நான்கில் சாமை அளவுக்கு வெள்ளைச் சப்பை. நகத்தால் அழுத்தினால் வெறும் தோல்தான். மீதி மூன்றில் மட்டும் முற்றிய விதை.

"எல்லாம் ஒரே சமயத்துல பூத்ததா?" என்றேன். இல்லையாம். தையில் கொஞ்சம், மாசிக் கடைசியில் கொஞ்சம்.

விஷயம் அங்கேதான். விதையில்லா ரகம் என்றால் விதை உண்டாகவே முடியாது என்று எல்லா ரகத்துக்கும் பொருளில்லை. மகரந்தம் சேராவிட்டாலும் காய் பிடிக்கும், அவ்வளவுதான். பல ரகங்களில் சூல், அதாவது பின்னால் விதையாக மாறும் பகுதி, நல்லபடியாகவே இருக்கும். பக்கத்து மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால் விதை வரலாம். மகரந்தத் துகளிலிருந்து முளைக்கும் மகரந்தக் குழாய் சூலைத் தேடிப் போகும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. 25–30 டிகிரியில் சுறுசுறுப்பாக வளரும். தை மாதக் குளிரில் மெதுவாக ஊர்ந்து, போய்ச் சேர்வதற்குள் சூல் வாடிப்போவதும் உண்டு. கருவுற்றும் பாதி வழியில் வளர்ச்சி நின்றால், நாங்கள் பார்த்த அந்தச் சப்பை மிஞ்சும்.

வெயில் கூடக்கூட விதையும் கூடும் என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரையில் நம்மூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் உயிரை இழக்கும், பூவில் மகரந்தத்தை ஏந்தும் சூல்முடி காய்ந்துவிடும். விதை குறையும்தான், ஆனால் கூடவே பிஞ்சும் கொட்டும். விதையில்லாப் பிஞ்சு, காயாக வளரும் சூலகத்திலேயே சுரக்கும் ஜிப்பரெலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளை நம்பி நிற்பது. கத்திரி வெயிலில் தண்ணீரும் விட்டுப்போனால் தாக்குப்பிடிக்காது. மரத்தடியில் சருகால் மூடாக்குப் போட்டு, பாசனத்தை இடைவெளி விடாமல் கொடுத்தால் பாதியாவது நிற்கும்.

தாஹிதி எலுமிச்சை என்ற ரகத்தின் கதை வேறு. சாதாரண எலுமிச்சையில் குரோமோசோம் 18, இதில் 27. குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று உள்ள மும்மடியம் என்பதால் எந்தப் பருவத்தில் பூத்தாலும் விதை வருவது அபூர்வம். ஆகவே கன்று வாங்கும்போது 'விதையில்லாதா?' என்று கேட்டால் போதாது, ரகத்தின் பெயரைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பூக்கும் ஒவ்வொரு தடவையும் கிளையில் வேறு வேறு நிறத் துணி கட்டி வையுங்கள். காயை அறுக்கும்போது எந்த மாதப் பூ என்று தெரியும். கலிபோர்னியாவில் சில மாண்டரின் (கமலா ஆரஞ்சு வகை) தோட்டங்களில் பூக்கும் காலத்தில் தேனீ புகாமல் மரத்துக்கே வலை போர்த்துகிறார்கள். நமக்கு அது கட்டுப்படியாகாது.

கடைசியாக, வரப்புக்கு அந்தாண்டை என்ன மரம் என்று கேட்டேன்.

"நாட்டு எலுமிச்சை சார். தேன் பெட்டிகூட வெச்சிருக்காரு."

"யாரு?"

"எங்க சித்தப்பாதான்" என்றவர், அறுத்த காய்களை மறுபடி பைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தார்.