ஃபிஸ்டுலா: புரையா, குழலா, குறுக்கிணைப்பா?

ஸ்கேன் அறிக்கையில் ‘டியூரல் ஆர்ட்டீரியோவீனஸ் ஃபிஸ்டுலா’ என்று பார்த்ததும், “பவுத்திரம் எப்படி மூளைக்குப் போனது?” என்று திகைப்பவர்கள் உண்டு. திகைப்பில் நியாயம் இருக்கிறது. ஆசனவாயில் வரும் பவுத்திரத்துக்கும் ஆங்கில மருத்துவத்தில் ஃபிஸ்டுலா என்றுதான் பெயர்.

லத்தீனில் ஃபிஸ்டுலா என்றால் குழாய். இடையர் ஊதும் குழலுக்கும் அதே சொல். நம் ‘குழல்’ போலவே! மருத்துவத்தில், இருக்கக்கூடாத இடத்தில் உண்டான வழி என்று பொருள் கொண்டது. தமிழில் இதற்குப் பழகிய சொல் ‘புரை’: உட்டுளை. புரையோடிய புண் என்கிறோமே, அது. ஆனால் அதில் சீழ் வாடை அடிக்கிறது. மூளையில் நடப்பது வேறு.

மூளையின் கெட்டியான வெளியுறை டியூரா. அதன் மடிப்புகளுக்குள் ஓடும் பெரிய சிரைக் கால்வாய்களுக்கு சைனஸ் என்று பெயர் (மூக்கடைப்பு சைனஸ் இல்லை, அது எலும்பில் உள்ள காற்றறை). இந்தக் கால்வாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், பின்னால் அழுத்தம் ஏறும். ரத்தம் தேங்கிய இடத்தில் ஆக்சிஜன் குறையும். புது நாளங்களை வளரத் தூண்டும் புரதங்கள் சுரக்கும். அப்புறம் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து, டியூராவின் தமனி நேராகச் சிரையில் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுதான் இந்த ஃபிஸ்டுலா. நடுவில் வேகத்தைத் தணிக்கும் தந்துகிகள் (மயிரிழை நாளங்கள்) கிடையாது. பிறவிக் கோளாறு அல்ல, பின்னால் வந்து சேர்ந்தது. சில நேரம் கதை தலைகீழ்: இணைப்பு முதலில், உறைவு பிறகு.

பலருக்கு முதல் அறிகுறி ஒரு சத்தம். இரவில் தலையணையில் காது வைத்தால் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஸ்… உஸ்…’ என்று கேட்கும். அது தொல்லைதான், ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்துப் பாய்வதுதான் ஆபத்து. ரத்தக்கசிவு அங்கேதான் நேரும். அந்தத் தவறான இணைப்பை, நாளத்துக்குள் நுழைக்கும் மெல்லிய குழாயான கதீட்டர் வழியே பசைபோன்ற பொருளைச் செலுத்தி அடைப்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘தமனிச்சிரைக் குறுக்கிணைப்பு’ என்பது என் தேர்வு. டியூராவுக்கு ‘வல்லுறை’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். டயாலிசிஸுக்காகக் கையில் போடும் ஃபிஸ்டுலாவும் இதே இணைப்புதான், வேண்டுமென்றே செய்வது. விரல் வைத்தால் ரீங்காரமாய் அதிரும். அதைப் போய்ப் புரை என்று யார் சொல்வார்கள்?