நோட்டிஸ் லாராங்கான்: தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள், "ஜேகேகேபி வந்து மெஷினை நிப்பாட்டிட்டாங்க" என்பார்கள். ஜேகேகேபி என்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. அவர்கள் கொடுத்து நிப்பாட்டிய அந்தத் தாளின் மலாய்ப் பெயர்தான் நோட்டிஸ் லாராங்கான்.

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, அதிகாரிக்கு இரண்டு வகை நோட்டீஸ் கொடுக்க அதிகாரம் தருகிறது. ஒன்று நோட்டிஸ் பெம்பாய்க்கான்: இன்ன தேதிக்குள் சரிசெய்துவிடு என்பது. மற்றது லாராங்கான்: உயிருக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து என்று அவர் கருதினால் அப்போதே நிறுத்தச் சொல்வது. பழுது நீங்கி அவருக்குத் திருப்தி வரும்வரை அந்த இயந்திரத்தை ஓட்டக்கூடாது. தேவைப்பட்டால் அது ஓடாதபடி அவரே செய்துவிடலாம்.

பழக்குலை அவிக்கும் ஸ்டெரிலைசரை எடுத்துக்கொள்வோம். உள்ளே நீராவி சுமார் 3 பார் அழுத்தத்தில் இருக்கும். ஆவி முழுதும் வெளியேறாமல் கதவு திறக்கக்கூடாது. அதற்கென்றே ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டு கெட்டுப்போயும் "பாத்துத் திறந்துக்கலாம்" என்று ஓட்டினால், தவணை கொடுத்துப் பேச அங்கே இடமில்லை. அது லாராங்கானுக்கு உரிய வேலை.

சரி, சொல்லுக்கு வருவோம். மலாயில் லாராங் என்றால் தடு. தமிழில் உடு உடை ஆவது போல, கொடு கொடை ஆவது போல, தடு தடை ஆகிறது. சிக்கல் பின்பாதியில்தான். 'தடை உத்தரவு' என்று எழுதினால் படிப்பவருக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். போதாததற்கு, 'உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்' என்று விடைபெறும்போது அதே சொல் அனுமதியும் ஆகிவிடுகிறது! அதனால் 'தடை அறிவிப்பு' என்பதே என் தேர்வு. இயந்திரத்தின் பெயரையும் சேர்த்து 'ஸ்டெரிலைசர் பயன்பாட்டுத் தடை அறிவிப்பு' என்றால் இன்னும் தெளிவு. ஆலையையே மூடிவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பாது. பெம்பாய்க்கானுக்குச் 'சீரமைப்பு அறிவிப்பு' போதும்.

அதிகாரியை 'ஆய்வாளர்' என்று தாராளமாகச் சொல்லலாம். கீரை ஆயும்போது அழுகலைத் தனியே எடுத்துப் போடுகிறோமே, அதே 'ஆய்'தான் இதுவும்.

அப்புறம், 2024 ஜூன் 1 முதல் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இல்லை. இயந்திர விவகாரமும் 1994 சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதே நாளில் நடப்புக்கு வந்த 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்க எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்குத் தடை அறிவிப்பு வரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.