துறையடியில் காத்து நிற்கும் கணினி

கிண்ணியாப் பாலம் 2009 ஆம் ஆண்டு திறக்கப்படும் வரை, அங்கிருந்து திருகோணமலை நகருக்கு வருவோர் துறையடியில் ‘பாதை’ எனப்படும், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்காகக் காத்து நிற்பது வழக்கம். நீரைக் கடக்கப் பிடித்த நேரம் சொற்பம். அக்கரைக்குப் போன பாதை திரும்பி வரும் வரை நின்ற நேரமே பெரிது. மெதுவாகிவிட்ட வீட்டுக் கணினியின் கதையும் பெரும்பாலும் இதுதான். அது வேலை செய்து களைத்துப் போவதில்லை, காத்துக்கொண்டு நிற்கிறது.

உப்புவெளியில் உறவினர் வீட்டு மடிக்கணினி ஒன்றை அண்மையில் பார்க்க நேர்ந்தது. பத்து வயதைத் தாண்டிய அக்கணினி திறந்து பாவனைக்கு வர ஐந்து நிமிடமாகியது. எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவும் ‘போமற்’ அடித்தால் சரிவரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தபோது, முறைவழியாக்கி (புரொசெசர்) ஏறத்தாழ ஓய்வில் இருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டோ 100 வீதம் வேலையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. எதையும் அழிப்பதற்கு முன் எவரும் பார்க்க வேண்டிய திரை இதுவே.

வன்தட்டு என்பது உண்மையாகவே சுழலும் ஒரு தட்டு. மடிக்கணினிகளில் அது பொதுவாக நிமிடத்துக்கு 5400 தடவை, அதாவது விநாடிக்கு 90 தடவை சுழல்கிறது. தேவையான தரவு இருக்கும் தடத்துக்கு வாசிப்பு முனை நகரச் சுமார் 10 மில்லிவிநாடியும், அந்தத் தடத்தில் உரிய இடம் முனைக்குக் கீழே சுழன்று வரச் சராசரியாக ஐந்தரை மில்லிவிநாடியும் செல்வதால், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை அது விநாடிக்கு அறுபது எழுபது தடவைக்கு மேல் எடுத்துத் தர இயலாது. கணினி திறக்கும்போது அவ்வாறான ஆறாயிரம் துண்டுகள் தேவைப்படுவதாக வைத்துக்கொண்டால், அதற்கே ஒன்றரை நிமிடம் போய்விடும். அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி சேமிப்பகம் ஒரு துண்டை ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடியில் தந்துவிடுவதால், அதே வேலை ஒரு விநாடிக்குள் முடிகிறது. பாதைக்குப் பதிலாகப் பாலம் வந்தது போன்ற வேறுபாடு இது.

வன்தட்டை இவ்வளவு அலைக்கழிப்பது எது? பல சமயங்களில் நினைவகப் பற்றாக்குறைதான். திறந்திருக்கும் மென்பொருள்கள் யாவும் ரேம் எனப்படும் அந்த நினைவகத்தில் இடம்பெற முடியாதபோது, விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை 4 கிலோபைற்று அளவுள்ள பக்கங்களாக வன்தட்டுக்கு அனுப்பி, தேவைப்படும்போது மீட்டெடுக்கிறது. மாய நினைவகம் எனப்படும் இந்த உத்தி 1962 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியிலேயே கையாளப்பட்டது. ரேம் நூறு நனோவிநாடியளவில் தருவதை வன்தட்டு 15 மில்லிவிநாடியில் தருவதென்றால், தாமதம் ஒன்றரை இலட்சம் மடங்காகிறது. 4 கிகாபைற்று ரேமில் இணைய உலாவியின் இருபது தத்தல்களை (டேப்) திறந்து வைத்திருப்பவர் நாள் முழுவதும் துறையடியில் நிற்கிறார் என்று பொருள். பழைய படங்களையும் பாடல்களையும் அழிப்பதால் இந்த வரிசை குறையாது. தட்டு நிரம்பி வழியும் நிலையில் மட்டுமே அது உதவும். கணினி திறக்கும்போதே தாமாக இயங்கத் தொடங்கும் மென்பொருள்களை டாஸ்க் மனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் நிறுத்துவது நிச்சயம் உதவும். ‘போமற்’ சில வாரங்கள் பயன் தருவதும் இவை இல்லாமற் போவதனால்தான். ஆனால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிடும். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விசிறியில் படியும் புழுதி வெப்பத்தை வெளியேற விடாது. சூடேறிய முறைவழியாக்கி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக இயங்கிப் பிற்பகலில் தள்ளாடும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது விசிறியையே.

அந்த மடிக்கணினியில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது வேறொன்று. மெதுவாக இருக்கிறது என்பதற்காகவே விண்டோஸ் இற்றைப்படுத்தலை (அப்டேட்) நிறுத்தி வைத்திருந்தார்கள். இற்றைப்படுத்தல் தட்டை அலைக்கழிப்பதும் டேட்டாவை விழுங்குவதும் மெய்தான். ஆயினும் 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை என்ற தீம்பொருள் (கேடு விளைவிக்கும் மென்பொருள்), மைக்ரோசொஃப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மார்ச்சில் அடைத்துவிட்ட ஓட்டை வழியாகவே நுழைந்தது; அடைப்பை நிறுவாத கணினிகளே அகப்பட்டன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிக்கு, தொடர்ந்து இற்றைப்படுத்தப்படும் லினக்ஸ் மின்ற் போன்றதொரு இலவசப் பணிசெயல் முறைமை பொருத்தமானது.

நமது வீடுகளுக்குத் தீம்பொருள் இணையத்தால் மட்டும் வருவதில்லை; போட்டோக்கொப்பி கடைக்குப் போய்வந்த பென்டிரைவாலும் வருகிறது. பென்டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியை மைக்ரோசொஃப்ட் 2011 இல் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் முடக்கிய பின்னர், எங்கள் கையாலேயே திறக்க வைக்கும் தந்திரம் முன்னுக்கு வந்தது. உங்கள் கோப்புறையைத் தீம்பொருள் மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் உருவில் ஒரு குறுக்குவழியை (ஷோட்கட்) வைக்கிறது. அதை அழுத்தினால் தீம்பொருளும் இயங்கும், உண்மையான கோப்புறையும் திறக்கும். ஆகையால் ஐயம் எழுவதில்லை. உருவின் இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தால் அகப்பட்டுவிடும். அந்தக் கணினியில் இரண்டு வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் இருந்தன. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது இரண்டும் சோதிப்பதால் வரிசை நீள்கிறதே தவிரப் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. விண்டோஸுடன் வரும் டிஃபென்டரை மட்டும் வைத்துக்கொண்டு, அன்றாடப் பாவனைக்கு நிர்வாகி உரிமையற்ற கணக்கொன்றை உருவாக்கினோம்.

படங்களையும் ஆவணங்களையும் முதலில் பிரதி எடுத்த பின், 2.5 அங்குல வன்தட்டு இருந்த இடத்தில் அதே அளவிலான எஸ்.எஸ்.டி ஒன்றைப் பொருத்தினோம். கணினி அரை நிமிடத்துக்குள் திறந்தது. இற்றைப்படுத்தலை மறுபடி இயக்குவதற்கு வீட்டில் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. கழற்றிய வன்தட்டு இன்னும் நல்ல நிலையில் இருந்ததால் அதைக் கணினியுடன் வெளியிலிருந்து இணைக்கக்கூடிய ஓர் உறையிலிட்டுக் காப்புப் பிரதிக்கு வைத்துக்கொண்டார்கள். பிரதி எடுத்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் கோப்புகளைப் பூட்டும் தீம்பொருள் இணைத்திருக்கும் தட்டுகளையும் சேர்த்தே பூட்டும். கடலுக்கு அண்மையிலுள்ள வீடு என்பதால், உப்புக் காற்று படாதபடி மூடியுள்ள டப்பாவொன்றில், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களுடன் அது இப்போது அலுமாரியில் இருக்கிறது.