ஹார்வி கேர்ள், ஹார்வி ஹவுஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் தம் கொள்ளுப்பாட்டி என்ன வேலை பார்த்தார் என்று தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத்தான். நியூ மெக்சிகோவில் ஏதோ ஒரு ரயில் ஊரின் 1910-ஆம் ஆண்டுத் தாளில் அந்தப் பெயர் கிடைக்கிறது என்று வையுங்கள். தொழில் என்ற கட்டத்தில் 'வெயிட்ரஸ்' என்று எழுதியிருக்கும். வீட்டில் கேட்டால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "அவர் ஹார்வி கேர்ள்" என்பார்கள், குரலில் கொஞ்சம் பெருமையோடு. ரயிலடியில் இருந்த 'ஹார்வி ஹவுஸ்' என்ற உணவு விடுதிகளில் பரிமாறிய பெண்களுக்கு அந்தப் பெயர். வேலை ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்தச் சொல்லின் கதை.

ஹார்வி என்பது ஓர் ஆளின் பெயர். ஃபிரெட் ஹார்வி 1835-இல் லண்டனில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கப்பலேறி நியூயார்க் வந்து, ஓர் உணவகத்தில் பாத்திரம் துலக்கித் தொழிலைத் தொடங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை கிடைத்து ஊர் ஊராகப் போனபோது, ரயில் பயணிகளுக்குக் கிடைத்த சாப்பாட்டின் லட்சணத்தை நாள்தோறும் பார்த்தார். ஊசிப்போன பன்றியிறைச்சி, ஆறிப்போன காப்பி. பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, தட்டு வந்ததும் வராததுமாக ரயிலுக்கு விசில் ஊதிவிடுவார்கள் என்றும், தொடாத தட்டு அடுத்த ரயில் பயணிக்குப் போகும் என்றும் அந்தக் காலத்துக் கதைகள் உண்டு. 1876-இல் கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா ரயிலடியில், சான்டா ஃபே ரயில்வேயின் ஒப்புதலோடு ஹார்வி ஓர் உணவு விடுதியைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் ஃபுளோரன்ஸ் என்ற சிற்றூரில் தங்கும் அறைகளோடு இன்னொன்று. பின்னர் தண்டவாளம் மேற்கே நீள நீள விடுதிகளும் நீண்டன. உச்ச காலத்தில் அவை 80-க்கும் மேல் இருந்தன.

அவர் 1901-இல் இறந்தார். நிறுவனமோ அதற்குப் பிறகும் வெறுமனே 'ஃபிரெட் ஹார்வி' என்றே அழைக்கப்பட்டது. ஆள் பெயர் கடைப் பெயராகி, பிறகு 'நல்ல சாப்பாடு' என்பதற்கே மறுபெயரானது. ஹார்வி ஹவுஸ், ஹார்வி கேர்ள் என்ற இரண்டு தொடர்களிலும் 'ஹார்வி' என்பது ஏறக்குறைய ஒரு தர முத்திரை.

இனி 'கேர்ள்'. 1883 வரை இந்த விடுதிகளில் பரிமாறியவர்கள் ஆண்கள். நியூ மெக்சிகோவின் ரட்டோன் ஊரில் ஒரு சண்டைக்குப் பிறகு, அங்கே பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பின ஆண்களை ஹார்வி மொத்தமாக விலக்கினார் என்றும், அந்த இடத்துக்குப் பெண்களை வரவழைத்தார் என்றும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். ஒரு கூட்டத்தாருக்குக் கதவு திறந்த அதே நாளில் இன்னொரு கூட்டத்தாருக்கு அது மூடியது. இந்தச் சொல்லின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கிழக்குப் பகுதிப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது: 18 முதல் 30 வயதுக்குள், நல்ல நடத்தையும் அறிவும் உள்ள இளம்பெண்கள் தேவை. தொடக்கச் சம்பளம் மாதம் 17.50 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், டிப்ஸ் தனி. கறுப்பு அங்கி, கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன். விடுதிக்கு மேல்மாடியிலோ பக்கத்திலோ தங்க வேண்டும். இரவு குறித்த நேரத்துக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை கல்யாணம் கூடாது.

அக்காலத்தில் 'வெயிட்ரஸ்' என்ற சொல்லுக்கு, முக்கியமாக மேற்குப் பகுதியில், நல்ல பேர் கிடையாது. சாராயக் கடையில் வேலை செய்யும் பெண்ணையும் இவர்களையும் ஊர் ஒன்றாகவே பார்த்துவிடும். அதனால்தான் நிறுவனம் அந்தச் சொல்லைத் தவிர்த்து 'ஹார்வி கேர்ள்' என்றது. பண்ணை வீட்டைவிட்டு முதல்முறையாக வெளியே வரும் பெண்ணின் அப்பா அம்மாவுக்கு அந்தப் பெயரே ஒரு உத்தரவாதம். கட்டுப்பாடுகளைப் பார்த்தால் இன்று மூச்சு முட்டும். ஆனால் சொந்தச் சம்பாத்தியம், ரயிலில் போய்வர இலவச பாஸ், புது ஊர் என்று இத்தனையும் ஒரே வேலையில் கிடைத்த பெண்கள் அப்போது எத்தனை பேர்?

வேலை எளிதல்ல. அடுத்த ரயிலில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே தந்தியில் தகவல் வந்துவிடும். ரயில் நின்றதும் வாசலில் மணி அடிக்கும். கிடைப்பது அரை மணி நேரம். ஒரு பெண் ஒவ்வொருவரிடமும் என்ன குடிப்பீர்கள் என்று கேட்டு, கோப்பையை ஒரு விதமாக வைத்துவிட்டுப் போவார். நிமிர்ந்திருந்தால் காப்பி, கவிழ்ந்திருந்தால் டீ, சாசரில் சாய்ந்திருந்தால் ஐஸ் டீ என்று கணக்கு. பின்னால் வருகிற பெண் ஒன்றுமே கேட்காமல் சரியாக ஊற்றிக்கொண்டு போவார். பயணிகளுக்கு அது மாயம் போல இருந்ததாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஹார்வி சிறுமி' என்று எழுதினால் குழந்தைத் தொழிலாளி ஆகிவிடும். இந்தக் 'கேர்ள்' வயது வந்த பெண்தான். 'பணிப்பெண்' என்பதை விமானத்துக்கும் பயன்படுத்துகிறோம், வீட்டு வேலைக்கும் பயன்படுத்துகிறோம். சாப்பாட்டோடு அதற்கு ஒட்டுதல் இல்லை. 'பரிசாரகர்' நல்ல பழைய சொல். ஆனால் கேட்டவுடன் கோயில் மடைப்பள்ளியும் கல்யாணச் சமையலும்தான் நினைவுக்கு வருகின்றன. 'சர்வர்' என்றால் நம் மனத்தில் நிற்பது தோளில் துண்டு போட்ட ஆண்.

எனக்குப் பிடித்த வேர் 'பரிமாறு'. தமிழில் அது தாழ்ந்த வேலையைக் குறிக்கும் சொல்லே அல்ல. வீட்டுக் கல்யாணத்தில் மாமாவும் சித்தப்பாவும் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் பரிமாறுகிறார்கள், அதை உரிமையாக நினைக்கிறார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று இலை இலையாகக் கேட்டு வருவதற்குப் 'பந்தி விசாரித்தல்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். கோப்பையைத் திருப்பி வைத்த அந்தப் பெண் செய்ததும் பந்தி விசாரிப்புதான். ஆகவே, தொழிலை விளக்கும் இடத்தில் 'பரிமாறுநர்' என்றும், பட்டப்பெயராக வரும் இடத்தில் 'ஹார்வி பெண்' என்றும் எழுதலாம். 'ஹார்வி' என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. மரியாதையே அதில்தான் இருக்கிறது.

'ஹார்வி ஹவுஸ்' இன்னொரு சிக்கல். 'ஹார்வி வீடு' என்றால் ஹார்வி குடியிருந்த வீடு என்று பொருள்படும். இந்த 'ஹவுஸ்' சாப்பாட்டுக் கடை என்ற பொருளில் வருவது. சின்ன ஊர்களில் அது உணவுக் கூடம் மட்டுமே, பெரிய ஊர்களில் தங்கும் அறைகளும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் 'ஹோட்டல்' இதற்கு அப்படியே பொருந்தும். லத்தீனில் விருந்தினரைக் குறிக்கும் சொல்லில் கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்த் தங்குமிடம் ஆன அந்தச் சொல்லை, நாம் இட்லி சாப்பிடும் இடத்துக்கு வைத்துக்கொண்டோம். எழுத்துத் தமிழில் என் தேர்வு 'ஹார்வி ரயிலடி விடுதி'. 'ரயிலடி' என்ற ஒரு சொல் போதும், இடம் கண்முன் வந்துவிடும்.

அந்தக் கட்டடங்களில் சில இன்றும் நிற்கின்றன. கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1930-இல் அரிசோனாவின் வின்ஸ்லோவில் திறந்த லா பொசாடா, 1957-இல் மூடப்பட்டு ரயில்வே அலுவலகமாக மாறி, 1997-இல் மறுபடி விடுதியானது. நியூ மெக்சிகோவின் லாஸ் வேகாஸ் ஊரில் 1898-இல் கட்டிய காஸ்டனீடா 2019-இல் திரும்பத் திறந்தது. ஆல்புகர்க்கியின் ஆல்வராடோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1970-இல் இடித்துவிட்டார்கள்.

காகிதங்களும் அப்படித்தான், சில மிஞ்சின, சில போயின. 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921-இல் நடந்த தீவிபத்தாலும் அதன் பின்விளைவாலும் அழிந்தது. 1883-இல் ரட்டோனுக்கு வந்து சில ஆண்டுகளில் கல்யாணம் செய்துகொண்டு விலகிய பெண்ணின் வேலை எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாமலே போயிருக்கலாம். 1910 முதல் தொழிலுக்கு ஒரு கட்டம், எந்த வகை நிறுவனம் என்பதற்கு இன்னொரு கட்டம். 72 ஆண்டு கழித்தே பெயர்கள் வெளியாகும் என்பதால் 1950-ஆம் ஆண்டுத் தாள் 2022-இல்தான் பொதுவுக்கு வந்தது. ஒரே முகவரியில் உறவில்லாத பத்துப் பதினைந்து இளம்பெண்கள், எல்லோருக்கும் தொழில் 'வெயிட்ரஸ்', பக்கத்தில் சான்டா ஃபே ரயில் பாதை. இப்படி ஒரு தாள் கண்ணில் பட்டால் அது ஹார்வி விடுதியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதைக் குடும்ப மரத்தில் ஏற்றும்போது இரண்டு சொல்லையும் எழுதுங்கள்: 'தாளில் உள்ளபடி வெயிட்ரஸ், வீட்டார் சொன்னபடி ஹார்வி பெண்.'